கூட்டக் குறிப்பில் ஒரு ‘சரி’

“நோட்ஸ்ல அப்படித்தானக்கா போட்டிருந்துச்சு. சரி, நான்தான் ஒத்துக்கிட்டேன்போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர் போனில் இதைச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. குரலில் கோபம் இல்லை, குற்றம் சொல்லும் தொனியும் இல்லை. கடைக்காரர் கொடுத்த சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறவர்கள் பேசுவதுபோல இருந்தது. கேட்ட நாளிலிருந்து, நான் ஆசை ஆசையாகக் கட்டிய ஒரு சின்ன ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு நிம்மதி இல்லை. எழுதிப் பார்த்தால்தான் தீரும்போல் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில், பதினான்கு பேர் மட்டுமே உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு, ஓர் ஆர்டர் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் மென்பொருள் எங்களுடையது. நூல் வந்ததா, நிட்டிங் முடிந்ததா, துணி சாயம் ஏற்றும் டையிங்கில் இருக்கிறதா, கட்டிங் போனதா, பேக்கிங் ஆகிவிட்டதா என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரே திரையில் காட்டுகிறோம். 2020 ஊரடங்கில் வீட்டுக்குப் போனவர்களில் பலர் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் முதலாளியும் வற்புறுத்தவில்லை. இப்போது மதுரையில் ஒருவர், நாகர்கோவிலில் இருவர், சேலத்தில் ஒருவர், மீதிப் பேர் கோவையிலும் திருப்பூரிலும். ஆகவே வேலையில் பாதிக்குமேல் ஜூமில்தான் நடக்கிறது. அந்தக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. என்ன பேசினோம், என்ன முடிவாயிற்று, யார் எப்போது முடிப்பார் என்று எழுதி, குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் நோஷன் செயலியில் போட்டு, எல்லோருக்கும் இணைப்பு அனுப்ப வேண்டும்.

ஐந்து வருடம் இதைக் கையால் செய்தேன். கூட்டம் நடக்கும்போது ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டில் பேனாவால் கிறுக்குவேன். முடிந்த பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வேன். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். ஒரே நாளில் நாலு கூட்டம் வந்துவிட்டால், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் உட்கார்ந்து, ‘பே.லி. வெ. செ?’ என்று காலையில் நானே கிறுக்கி வைத்ததைப் பார்த்து, இது பேக்கிங் லிஸ்டா பேமென்ட் லிஸ்டா, அந்தக் கேள்விக்குறி யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மகள் டியூஷன் முடிந்து வந்து பசிக்கிறது என்று நிற்பாள். இந்த வருடம் சித்திரையில் முடிவெடுத்தேன்: இதை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு செயலிகளுக்கு நடுவே

ஜூமுக்கும் நோஷனுக்கும் நடுவே பாதை போடுவது, சொல்லும்போது சுலபம்தான். கூட்டம் முடிந்து பதிவு தயாரானதும் ஜூம், வெப்ஹுக் என்கிற தானியங்கித் தகவல் ஒன்றை அனுப்பும். அதை வாங்கி அடுத்தடுத்த இடத்துக்குத் தள்ளிவிட ஜாப்பியர், மேக், என்8என் என்று பல கருவிகள் உண்டு. சொந்த சர்வரில் ஓட்டினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டாம் என்பதால் நான் என்8என் எடுத்தேன். ஒலிக்கோப்பை எடு, பேச்சை எழுத்தாக்கும் கருவிக்கு அனுப்பு, வந்த எழுத்தைச் சுருக்கும் கருவிக்கு அனுப்பு, சுருக்கத்தையும் பணிப் பட்டியலையும் நோஷன் பக்கத்தில் எழுது, டெலிகிராம் குழுவில் இணைப்பைப் போடு. திரையில் ஆறு பெட்டிகள், ஐந்து அம்புக்குறிகள். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் வாரம், செவ்வாய்க்கிழமைக் கூட்டங்கள் எல்லாமே ஒரே பக்கத்தில் போய் விழுந்தன. வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு ஜூமில் எண் ஒன்றுதான். ஒவ்வொரு வாரக் கூட்டத்தையும் தனித்துக் காட்டுவது யூயூஐடி என்கிற இன்னொரு அடையாளம். அதைப் பிடித்த பிறகு, சில கூட்டங்களுக்கு மட்டும் பக்கம் காலியாகவே கிடந்தது. பத்து நாள் தேடினேன். அந்த அடையாளம் சில சமயம் சாய்கோட்டில் தொடங்கும், சில சமயம் நடுவில் இரட்டைச் சாய்கோடு வரும். அப்படி வந்தால் அதை இரண்டு முறை குறியாக்கம் செய்துதான் கேட்க வேண்டும் என்று ஜூம் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. அப்புறம் பக்கங்கள் இரட்டை இரட்டையாக வரத் தொடங்கின. வெப்ஹுக் வந்தால் மூன்று நொடிக்குள் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜூம் திரும்ப அனுப்பும். நானோ எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக் கூட்டத்துக்குத் தலைப்பில் காலை 5:30 என்று வந்ததைப் பார்த்து, விடியக்காலையில் யார் கூட்டம் வைத்தது என்று நாகர்கோவிலில் இருந்து ஒருவர் கேட்டார். நேரம் எல்லாம் உலகப் பொது நேரமான யூடிசியில் வருகிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

நான் அதிக நேரம் செலவழித்ததும், இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷப்படுவதும் எழுத்தை வெட்டும் இடத்தில். நோஷனின் ஏபிஐ, அதாவது வெளியிலிருந்து ஒரு மென்பொருள் எழுத்தை உள்ளே அனுப்பும் வாசல், ஒரு துண்டு எழுத்தில் 2,000 எழுத்துக்குறிகளுக்குமேல் வாங்காது. சரி, 2,000க்கு ஒன்றாக வெட்டித் தனித்தனிப் பத்திகளாக அனுப்பினேன். பார்த்தால் ஒரு பத்தி ‘அனுப’ என்று முடிகிறது. அடுத்த பத்தி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் தலையில் புள்ளி ஒன்று உட்கார்ந்திருக்க, அதற்குப் பின்னால் ‘பு’ என்று தொடங்குகிறது. கணினிக்கு ‘ப்’ என்பது ஓர் எழுத்தல்ல. ‘ப’ தனி, அதன்மேல் வைக்கும் புள்ளி தனி. ‘கொ’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதும் அதற்குக் குறைந்தது இரண்டு. நான் 2,000 என்று எண்ணி வெட்டிய கத்தி, மெய்யெழுத்தின் நடுவில் விழுந்துவிட்டது. அப்புறம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, 2,000க்கு முன்னால் கடைசியாக வாக்கியம் முடிகிற இடம் எதுவோ அங்கே வெட்டச் சொன்னேன். பத்திகள் ஒழுங்காக வந்த அன்று இரவு, ஒரு மணிக்கு எழுந்து காபி போட்டுக் குடித்தேன்.

பேச்சை எழுத்தாக்குவதிலும் சிக்கல் இருந்தது. ஆனால் அது எதிர்பார்த்ததுதான். 2022 செப்டம்பரில், 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றுவித்த விஸ்பரை ஓப்பன்ஏஐ திறந்துவிட்ட பிறகு, இந்த வகைக் கருவிகள் பெருகிவிட்டன. ஆனாலும் எங்கள் கூட்டப் பேச்சு எந்த மொழி என்று எனக்கே சொல்லத் தெரியாது. ‘அந்த பிஓ இன்னும் அப்ரூவ் ஆகலீங்க, மெர்ச்சண்டைசர் ஃபாலோ பண்ணிட்டிருக்காரு’ என்பதை எந்த மொழிக் கணக்கில் சேர்ப்பது? நான் பயன்படுத்திய கருவி, துணி டையிங்கில் இருக்கிறது என்பதை, துணி செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எழுதியது. எங்கள் தொழில் சொற்கள் நூற்றிருபதை ஒரு பட்டியலாகக் கொடுத்த பிறகு பெரும்பாலும் சரியாகிவிட்டது.

ஆனி பிறந்தபோது எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. கூட்டம் முடிந்த பத்து, பதினைந்து நிமிடத்தில் சுருக்கம் வந்துவிடும். கீழே பணிப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர், கெடு. கெடுவுக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு அவரவருக்கு டெலிகிராமில் நினைவூட்டல். ஆறு மணிக்கு மடிக்கணினியை மூடினேன். மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த இரண்டு மாதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது நிஜமான நிம்மதி.

வெள்ளிக்கிழமைக் கெடு

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு, சைஸ் வாரியாகவும் கலர் வாரியாகவும் எத்தனை கார்ட்டன் என்று காட்டும் பேக்கிங் லிஸ்ட் அறிக்கை அவசரமாக வேண்டியிருந்தது. பதினொரு மணிக் கூட்டத்துக்கு ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் வந்த பிறகுதான் நான் பதிவுப் பொத்தானை அழுத்துவேன். வீட்டுப் பேச்சு, உடம்பு சரியில்லாத பேச்சு எல்லாம் பதிவாக வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்ட வழக்கம் அது. அந்த மூன்று நிமிட இடைவெளியில் மதுரையில் இருந்து எங்கள் டெஸ்டர் சொன்னாள்: “அக்கா, வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண்ணுல புரை ஆபரேஷன். ரெண்டு நாள் நான் முழுசா இருக்க முடியாதுக்கா.” நானும் “அம்மாவை நல்லாப் பாத்துக்கோம்மா” என்றேன். அப்புறம் பொத்தானை அழுத்தினேன். கூட்டம் பதிவு செய்யப்படுகிறது என்று ஜூம் தன் குரலில் அறிவித்தது.

இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து முதலாளி வந்தார். எப்போதும் நடுவில்தான் வருவார். “வெள்ளிக்கெழமைக்குள்ள இதை டெஸ்ட் பண்ணி முடிச்சுட்டா, திங்கக்கெழமை பார்ட்டிக்குக் காட்டிடலாங்க. கார்ட்டன் கணக்கு ரெண்டு விதமா வருதுங்க, அதையும் பாக்கோணும். போன தடவை மாதிரி அங்க போயி முழிக்கக் கூடாதுங்க” என்று ஒரு நிமிடம் பேசினார். அவர் பேச்சின் நடுவே நடுவே அவள் குரல்: “சரிங்க சார்... சரிங்க சார்... ம், பாக்கலாம் சார்.” அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். பதினொன்று ஐம்பதுக்குக் கூட்டம் முடிந்தது. பன்னிரண்டு மணிக்குச் சுருக்கம் வந்தது. அதில் நான்காவது வரி: ‘பேக்கிங் லிஸ்ட் அறிக்கையின் டெஸ்டிங்கை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க ஒப்புக்கொண்டார்.’ எதிரே அவள் பெயர். கெடு: வெள்ளி. வியாழன் மாலை ஆறு மணிக்கு அவளுக்கு நினைவூட்டலும் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வரிக்கு நேரே டிக் விழுந்திருந்தது. “பாத்தீங்களாங்க, இதைப் போட்ட பொறவு எல்லாம் கரெக்டா முடியுது” என்று முதலாளி குழுவில் போட்டார். நான் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து வேறு விஷயமாக அவளோடு பேசும்போதுதான், அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றாள். வியாழன் இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொன்னார்களாம். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, சொட்டு மருந்து போட வைத்த அலாரத்துக்கும் அடுத்த அலாரத்துக்கும் நடுவில் டெஸ்ட் கேஸ்களை ஓட்டியிருக்கிறாள். வெளிச்சம் அம்மா கண்ணில் படக்கூடாது என்று திரைமேல் துண்டைப் போட்டுக்கொண்டாளாம். முடியும்போது மணி ஒன்றரை. ‘ஏம்மா, லீவுன்னு எங்கிட்ட சொன்னியே, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?’ என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது. நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. நானே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துவிட்டேன். கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “எங்கம்மாவோட மகளிர் குழுவுல தீர்மானம் எழுதுனா, வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்குவாங்கக்கா. இதை யாரும் வாசிக்கல. நேரா டெலிகிராமுக்கு வந்துருச்சு.”

அவள் சொல்லியிருந்ததை நான் காதால் கேட்டிருக்கிறேன். இதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இயந்திரத்துக்குத் தெரியாது, பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பேசியது அதன் காதில் விழாது. எனக்குத் தெரியும். பேனா பிடித்திருந்த காலமாக இருந்தால், முதலாளி ‘வெள்ளி’ என்றதும் நான் நோட்டில் வெள்ளி என்று எழுதி, பக்கத்தில் அவள் பெயரை எழுதப் போயிருப்பேன். கை அந்த இடத்தில் நின்றிருக்கும். ‘சார், வியாழன், வெள்ளி அவங்க இல்லீங்க’ என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும். பெயரையும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டி வருகிறபோது மண்டையில் எதுவோ ஒன்று தட்டும். அன்று என் கையில் பேனா இல்லை. இன்னொரு ஜன்னலைத் திறந்து, நான் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

பாக்கலாம், பண்ணிடலாம், முடிச்சிடலாம்

அந்த வாரக் கடைசியில், ஆனியிலிருந்து சேர்ந்திருந்த பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருக்கத்தில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று வந்த ஒவ்வொரு இடத்துக்கும், அந்த நபர் நிஜமாக வாயால் என்ன சொன்னார் என்று கேட்டேன். முக்கால்வாசி இடத்தில் அவர் சொன்னது ‘சரி’. ஒரு கூட்டத்தில் எத்தனை ‘சரி’ என்று எண்ணத் தொடங்கி, அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ‘நீங்கள் சொல்வது கேட்கிறது, மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு ஒரு சரி. பெரியவர் பேசும்போது மரியாதைக்கு ஒரு சரிங்க. இதற்குமேல் இதைப் பேச வேண்டாம் என்பதற்கு சரி சரி. மனத்தாங்கலோடு ‘சரி விடுங்க’. அடுத்த விஷயத்துக்குப் போக ‘சரி, அப்புறம்?’. உண்மையாகவே சம்மதம் என்று என் காதுக்குப் பட்டவை நாலைந்துகூட இல்லை. இதில் எந்தச் சரி எது என்று, கூட்டத்தில் இருந்த பதினான்கு பேருக்கும் அந்த நொடியில் தெரிந்திருக்கும். எழுத்தாகிவிட்டால் எல்லாம் ஒரே இரண்டெழுத்து.

‘பாக்கலாம்’ இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்கு வருவீர்கள்தானே என்று கேட்டவரிடம் ‘பார்க்கலாம்’ என்றால், அவர் ஒரு இலையைக் குறைத்துக்கொள்வார். நமக்கு அது முகத்தைக் காயப்படுத்தாமல் சொல்லும் ‘இல்லை’. சுருக்கும் கருவி அதை ‘பரிசீலிப்பதாகக் கூறினார்’ என்று எழுதி, பணிப் பட்டியலில் ஒரு வரியும் சேர்த்துவிடும்.

கேட்கக் கேட்க எனக்குப் பிடிபட்டது அந்த ‘லாம்’தான். பண்ணிடலாம், முடிச்சிடலாம், அனுப்பிடலாம், பேசிக்கலாம். எங்கள் கூட்டங்களில் பாதி வினைச்சொற்கள் இப்படித்தான் முடிகின்றன. ‘செய்கிறேன்’ என்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘நான்’ இருக்கிறது. ‘செய்கிறார்கள்’ என்றால் அவர்கள். ‘செய்யலாம்’ என்பதில் யாரும் இல்லை. நான் செய்யலாம், நீ செய்யலாம், நாம் எல்லோரும் சேர்ந்து செய்யலாம், யாரும் செய்யாமலும் போகலாம். பள்ளியில் திணை, பால், எண், இடம் என்று படித்ததெல்லாம் இந்த ஒரு விகுதியில் வந்து நின்றுவிடுகிறது. கூட்டத்தில் அது ரொம்ப வசதி. யாரையும் சுட்டாமல் ஒரு வேலையை நடுவில் வைத்துவிடலாம். அப்புறம் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்வார். ஆனால் பணிப் பட்டியலில் பெயர்க்கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நான் இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தேன். ஆகவே அது, யார் வாயிலிருந்து ‘லாம்’ வந்ததோ அவர் பெயரைப் போட்டிருக்கிறது. அவள் “பாக்கலாம் சார்” என்று கடைசியாகச் சொன்னாள். அந்த வேலை அவள் தலையில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது நான்.

இன்னொன்றையும் கவனித்தேன். திருப்பூர் வாடிக்கையாளர்களோடு நடந்த கூட்டங்களில், ஆடி மாதத்துக்குப் பிறகு விலைப் பேச்சே இல்லை. ஒருவரிடம் கேட்டேன். “அதெல்லாம் எழுதற மெஷின் முன்னாடி பேசறதுங்களா? பொறவு உங்க முதலாளிக்கு நான் தனியா போன் பண்ணிக்கறனுங்க” என்றார். முக்கியமான பேச்சு எதுவோ அது கூட்டத்தை விட்டு எழுந்து வெளியே போய்விட்டது. குறிப்புகள் மட்டும் நாளுக்கு நாள் நீளமாகிக்கொண்டே வந்தன.

அடித்து எழுதிய ஒரு வரி

அவள் அம்மாவின் குழுத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மகளிர் சுயஉதவிக் குழு தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. நம் எல்லார் ஊரிலும் யாராவது ஒருவர் குழுவில் இருப்பார். ஆனாலும் தீர்மானப் புத்தகத்தை நான் நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். கோடு போட்ட நோட்டு, நீல மையில் சற்றுச் சாய்ந்த கையெழுத்து. தேதி, இடம், வந்தவர்கள் எத்தனை பேர். தீர்மானம் ஒன்று, தீர்மானம் இரண்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’. அதன் கீழே வரிசையாகக் கையெழுத்துகள். ஓர் இடத்தில் பெருவிரல் ரேகை, பக்கத்தில் வேறு கையெழுத்தில் அந்தப் பெயர். வங்கியில் கடன் கேட்டுப் போனால் இந்தத் தீர்மானத்தின் நகலைத்தான் கேட்பார்கள். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி. ‘மாதத் தவணை ரூபாய் ஐந்நூறு வீதம் செலுத்த’ என்று எழுதி, ஐந்நூறை ஒரே கோட்டால் அடித்து, மேலே ‘முந்நூறு’ என்று எழுதியிருந்தது. அடித்த இடத்தை ஒட்டி ஒரு சின்னக் கையெழுத்து. ஊக்குநர் வாசித்துக் காட்டும்போது, ‘ஐந்நூறு என்னால முடியாது’ என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறார். அங்கேயே அடித்து எழுதி, அவரிடமே ஒப்பம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்8என் திரையைத் திறந்து, சுருக்கம் எழுதும் பெட்டியை எடுத்துவிட்டேன்.

மீதி எல்லாம் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலண்டரில் கூட்டம் இருந்தால், பத்து நிமிடம் முன்னாலேயே நோஷனில் பக்கம் தயாராகிவிடுகிறது. வருகிறவர்கள் பெயர், போன வாரம் முடியாமல் நின்ற வேலைகள், அன்று யார் விடுப்பு என்கிற விவரம் எல்லாம் அதில் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடும். கூட்டம் முடிந்ததும் பதிவின் இணைப்பும் முழு எழுத்தும் கீழே போய்ச் சேரும். ஒலிக்கோப்பு முப்பது நாளில் அழிந்துவிடும். ஆவணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, தேதி போடுவது, தேடி எடுப்பது, நினைவூட்டுவது எல்லாம் இயந்திரத்தின் வேலை. யார் எதற்கு ஒத்துக்கொண்டார் என்பதை மட்டும் இனி அது எழுதாது. கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் நான் அந்தப் பக்கத்தைத் திரையில் பகிர்ந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க, முடிவுகளைக் கையால் அடிக்கிறேன். வேலை, ஆள், நாள். அடித்ததை வாசிக்கிறேன். பெயர் வந்தவர் ‘நான் செய்றேன்’ என்று சொல்ல வேண்டும். சரிங்க என்றால் நான் காத்திருப்பேன். ‘செஞ்சிடலாம்’ என்றாலும் காத்திருப்பேன். ‘றேன்’ வந்தால்தான் கட்டத்தில் பெயர் ஏறும். நினைவூட்டலும் அந்த வரிகளிலிருந்து மட்டும்தான் கிளம்பும்.

முதலாளிக்கு இது முழுக்கப் பிடிக்கவில்லை. “ஏங்க, அஞ்சு நிமிசம், பதினாலு பேருன்னா எழுவது நிமிசங்க. முன்னாடி போயிட்டு மறுபடியும் பின்னாடி வர்றாப்பல இருக்குதுங்க” என்றார். அவர் கணக்கு தப்பில்லை. இரண்டாவது வாரம், ஐந்து நிமிடம் பன்னிரண்டு நிமிடமாக நீண்டது. ‘லாம்’ என்று நடுவில் வைத்த வேலைகளை எடுத்துக்கொள்ள ஆளே இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வாசிக்கும்போது சில சமயம் சங்கடமான மௌனம் வருகிறது. சேலத்துத் தம்பி ஒருவர், வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார், அதுவும் உண்மைதான். எனக்கும் சாயங்காலம் அரை மணி நேரம் கூடுகிறது. பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அப்புறமும் இழுத்தடித்தால் பழையபடி சுருக்கத்தைப் போட்டுவிட வேண்டியதுதான் என்று பேசி வைத்திருக்கிறோம். சுருக்கும் கருவிகள் அதற்குள் இன்னும் நன்றாகிவிடும் என்கிறார் முதலாளி. ஆகலாம். அன்று அவள் பேசியதைச் சொல்லுக்குச் சொல் பிசகாமல் எழுதியிருந்தாலும் அது ‘பாக்கலாம்’ என்றுதான் இருந்திருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும். இதை அவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறையும் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பத்தைந்து. திரையில் மூன்று வரி அடித்திருந்தேன். முதல் வரி நாகர்கோவில்; ‘நான் முடிக்கிறேன்’ என்றார். இரண்டாவது முதலாளிக்கே; ‘நானே பேசறனுங்க’ என்றார். மூன்றாவது, லேபிள் அச்சிடும் பகுதியின் டெஸ்டிங். ஆள்: மதுரை. நாள்: புதன். வாசித்தேன். பதில் வரவில்லை. அவள் படத்துக்கு மேலே ஒலிவாங்கி அணைந்தே இருந்தது. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் அவரும் பேசாமல் இருந்தார். நான் விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒலிவாங்கி திறந்தது.

“புதன் முடியாதுக்கா. வெள்ளி போட்டுக்கோங்க. வெள்ளிக்குள்ள நான் முடிக்கிறேன்.”

புதனை அழித்து, வெள்ளி என்று அடித்தேன்.